வாசலில் ஒரு வேம்பு

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் மாமனார் வைத்த வேப்பமரம் நிற்கிறது. கார் வாங்கப்போகும் மகன், நிறுத்த இடமில்லை, வெட்டிவிடலாம் என்கிறான். நிழல், காற்று என்றால், "ஷெட் போட்டுக்கலாம், ஏசி இருக்கு, வேற காரணம் சொல்லுங்க" என்கிறான். எனக்குப் பதில் வரவில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, நீங்கள் பலனைச் சொன்னீர்கள், அவர் பலனுக்குப் பலன் எடுத்து வைத்துவிட்டார். அந்தக் கணக்கில் மரம் ஜெயிக்காது.

2020 ஊரடங்கின்போது சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. ஒரு பறவைக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பேசிப் பேசி, விளக்கே போடவேண்டாம் என்று முடிவானது. குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு எரியவில்லை. அந்தப் பறவையால் ஊருக்குக் காலணா வரும்படி கிடையாது. நம் ஊரில் குடிவந்துவிட்டது, அவ்வளவுதான்.

பலனைப் பேசுவது தப்பு என்று சொல்லவரவில்லை. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் நின்று 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கடையிலேயே உரம் கிடைக்கிற இன்றைக்கும் அந்த ஊரார் பறவைகளை விரட்டவில்லையே!

எங்கள் வீட்டில் மதில் எடுப்பதற்காக ஒரு புங்கமரத்தை நான்தான் வெட்டச் சொன்னேன். வந்த பெரியவர் அரிவாளைக் கீழே வைத்தார். மரத்தைத் தொட்டு, "குடியிருக்கிறதெல்லாம் வேற இடம் பாத்துக்குங்க" என்று மெல்லச் சொன்னார். அப்புறம்தான் முதல் கிளையில் கை வைத்தார். அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதுவரை நான் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதனால், மகனிடம் காரணம் தேடாதீர்கள். "உங்க தாத்தா வெச்ச மரம், வெட்டினா எனக்குத் தாங்காது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதுவும் காரணம்தான். சரி, சொன்ன கையோடு இருவருமாக டேப் பிடித்து வாசலை அளந்துபாருங்கள். கேட்டை நாலடி தள்ளி வைத்தால் பல வீடுகளில் கார் நின்றுவிடும். காக்கை எச்சம் விழுகிறது என்பார். வண்டிக்கு ஒரு கவர் வாங்கிக் கொடுங்கள்.