ஒரே விகித வரி நியாயமா என்று கேட்ட தங்கச்சிக்கு

இலங்கை மலையகத்துப் போகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, வருடச் சம்பளம் 30,000 பவுண் அளவில். ருமேனியாவில் வேலை செய்யும் அவருடைய அண்ணன், "அங்கே நாற்பது வீதம் பிடுங்குவான், இங்கே ஏழை பணக்காரன் எல்லாருக்கும் பத்தே வீதம், அதுதான் நியாயம்" என்கிறாராம். ஹட்டனில் ஒருவர், எல்லையைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் 40 வீதம் விழும், ஓவர்டைம் செய்யாதே என்று பயமுறுத்தியிருக்கிறார். குளிருக்கு என்ன வாங்குவது, மிளகாய்த்தூள் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

குளிரும் மிளகாய்த்தூளும் கிடக்கட்டும். நுவரெலியா மார்கழியைப் பார்த்தவருக்கு இது பழகிவிடும், தூள் இங்கே எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வரி விஷயம்தான் முக்கியம். நான் வந்த புதிதில் இதே கதைகளைச் சொல்லித்தான் என்னையும் கலங்கடித்தார்கள்.

முதலில் அந்த நாற்பது. இங்கே வரி படிப்படியாக ஏறுவது. முதல் 12,570 பவுணுக்கு வரியே இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 வீதம். அதையும் தாண்டிய பகுதிக்கு மட்டும் 40. தாண்டிய பகுதிக்கு மட்டும் தங்கச்சி, கீழே உள்ள பணத்தை அது தொடாது. நீங்கள் 30,000 வாங்கினால் வருமான வரி 3,486, அரச ஓய்வூதியத்துக்குப் பதிவாகும் தேசியக் காப்புறுதி ஏறக்குறைய 1,394. இரண்டும் சேர்ந்தால் சம்பளத்தில் 16 வீதம்தான். ஆஸ்பத்திரி ஓய்வூதியத்துக்குத் தனியாகக் கழிப்பார்கள், அது உங்கள் பெயரில் சேர்வது. என்றைக்காவது 50,270ஐத் தாண்டி ஆயிரம் பவுண் கூடுதலாக உழைத்தால், அந்த ஆயிரத்தில் வரி 400, காப்புறுதி 20 போக 580 உங்கள் கைக்கு வரும். ஓவர்டைம் செய்து ஏழையானவர் யாரும் இல்லை. உடம்பு முடியவில்லை என்றால் ஷிஃப்டை விடுங்கள், வரிக்குப் பயந்து விடாதீர்கள்.

அடுத்தது அண்ணன் சொல்லும் பத்து. ருமேனியாவில் வருமான வரி 10 வீதம் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே ஓய்வூதியத்துக்கு 25, சுகாதாரத்துக்கு 10 கழித்துவிடுகிறார்கள். மிச்சம் 65இல்தான் அந்தப் பத்து வீதம். நூறில் 58.50 கைக்கு வருகிறது, குறைந்த சம்பளக்காரருக்குச் சிறு சலுகை உண்டு. அண்ணனைச் சம்பளச் சிட்டையை எடுத்து மொத்தம், கைக்கு வந்தது என்ற இரண்டு தொகையையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரே விகிதம் வைத்தால் கணக்கு எளிது, ஏய்ப்பது குறையும் என்பார்கள். எளிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எஸ்தோனியா 1994இல் 26 வீதத்தோடு தொடங்கியது, பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆனால் 2004இல் எல்லாருக்கும் 19 என்று வைத்த சுலோவாக்கியா 2013இல் மேலே இன்னொரு படி கட்டியது. 2001 முதல் 13 வீதம் வாங்கிய ரஷ்யாவில் இப்போது ஐந்து படிகள். அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்படும்போது எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேட்க முடியும்.

நியாயம் என்ற பேச்சை நான் ஏன் ஏற்கவில்லை என்றால், எனக்கு எங்கள் தோட்டத்துத் தராசு நினைவிருக்கிறது. அப்போது 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் தண்ணிக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிப்பார்கள், எல்லாருக்கும் ஒரே கழிவு. அதை நூற்றுக்குப் பத்து என்றே வைத்துப் பாருங்கள். முப்பது கிலோ பறித்த இளம் பெண்ணுக்கு 27 மிஞ்சும், முழுப்பேரும் மேலதிகக் கிலோக் காசும் உண்டு. என் அம்மா மாதிரி முழங்கால் வலியோடு மலை ஏறி 19 கிலோ பறித்தவருக்கு 17.1. பாதி நாள் சம்பளம் போய்விடும். அம்மா கூடையை இறக்கிவிட்டுத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார், கணக்கப்பிள்ளை எழுதும்வரை நகரமாட்டார். ஒரே வீதம் எல்லாரிடமும் ஒரே அளவு பறிப்பதில்லை.

இப்போதும் நம் நாட்டில் மாதம் 150,000 ரூபா வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, அதற்கு மேல் 6இலிருந்து 36 வரை படிகள். ஆனால் தோட்டத்து லய வீட்டில் இருப்பவர் சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் பெறுமதி சேர் வரி 18 வீதம், பங்களாவில் இருப்பவருக்கும் அதே 18. அதுதான் உண்மையான ஒரே விகித வரி. அதை ஏன் யாரும் நியாயம் என்று கொண்டாடுவதில்லை?

இங்கே உள்ள படிகளிலும் குறை உண்டு. 12,570 என்ற எல்லை 2021இலிருந்து நகரவில்லை, விலைவாசி மட்டும் ஏறுகிறது. அதில் எனக்குக் கோபம்தான்.

இனி எச்சரிக்கை. வேலையில் சேரும் நாளில் ஒரு படிவம் தருவார்கள், முன்னைய வேலையை விடும்போது தரும் பி45 என்ற வரிச் சான்று இல்லாதவர்களுக்கானது. வரி வருடம் தொடங்கும் ஏப்ரல் 6க்குப் பிறகு இங்கே இதுதான் முதல் வேலை என்ற ஏ கூற்றைத் தெரிவுசெய்யுங்கள். அப்போது வரிக் குறியீடு 1257எல் என்று வரும். ஒக்டோபரில் வந்தாலும் முழு வருடத்துக்குரிய 12,570 உங்களுக்கு உண்டு, முதல் மாதங்களில் வரி மிகவும் குறைவாகவே போகும். படிவத்தை நிரப்பாமல் விட்டால் 0டி என்ற குறியீடு போடுவார்கள், முதல் பவுணிலிருந்தே வெட்டு. எனக்கு அப்படித்தான் நடந்தது. படிவமே தராமல் வேலைக்கு இறக்கிவிட்டு, கேட்டபோது "எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார் சம்பளப் பகுதிக்காரர். நான் விடவில்லை. வரித்துறைக்குப் போன் போட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கி, முழுப் பணத்தையும் திருப்பி எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சிட்டை வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இரண்டாவது வேலை செய்தால் அதற்கு பிஆர் என்று வரும், முழுக்க 20 வீதம், அது பிழையில்லை.

அப்புறம் நம் ஆட்களில் சிலர், "கையில் காசு தரும் வேலை பார், வரியே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படி உழைத்தவர்கள் பிறகு சம்பளச் சிட்டை இல்லாமல் வீட்டுக்கடன் எடுக்க முடியாமல் நிற்பதைப் பார்க்கிறேன். அரச ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடத் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும், முழுதாக வாங்க 35. முதலாளிதான் தன் பங்கைக் கட்டாமல் மிச்சம் பிடிக்கிறார். தோட்டத்தில் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் ஏமாற்றியவர்களைத் திட்டிவிட்டு வந்த நாம், இங்கே அதே வேலைக்குத் துணைபோவதா?

முதல் சிட்டை வந்ததும் பெயரையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டுப் படம் அனுப்புங்கள், குறியீடு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.