நிலாவெளிப் பக்கம் மணல் வளவு: கார் பாதை, வடிகால், பூம்பாத்தி மூன்றுக்கும் எந்த ஜியோடெக்ஸ்டைல் துணி வாங்குவது?

ஜியோடெக்ஸ்டைல் என்பது மண்ணை மறித்துத் தண்ணீரை விடும் பிளாஸ்டிக் இழைத் துணி. பாதைக்கும் வடிகாலுக்கும் நெய்யாத வகையில் 200 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 200 கிராம்) துணி ஒரே சுருளாக வாங்குங்கள். பூம்பாத்திக்குத் துணி வேண்டாம்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று தட்டைப் பிளாஸ்டிக் நாடாவால் நெய்தது; உரப்பை மாதிரி மினுங்கும். இழுவிசையைத் தாங்கும், ஆனால் தண்ணீரை மெதுவாகத்தான் விடும். மற்றது இழைகளை ஊசியால் குத்திப் பிணைத்தது. தொட்டால் மெத்தென்று இருக்கும். சந்தேகமென்றால் ஒரு துண்டைக் குழிவாகப் பிடித்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நெய்யாததில் உடனே கீழே ஒழுகும். நெய்ததில் மேலே தேங்கி நிற்கும். வடிகாலில் இந்த நெய்த துணியைப் போட்டுவிட்டு "தண்ணி இறங்குதில்லை" என்று குழாயைக் குறை சொல்வதுதான் அடிக்கடி நடக்கிறது. வெயிலில் உறையில்லாமல் கிடந்த சுருளை வாங்காதீர்கள். துணி பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், வெயில் பட்டால் உதிரும். விரித்த துணியையும் அன்றைக்கே மூடுவது நல்லது, எப்படியும் இரண்டு கிழமைக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது.

அடுத்து மண். கைப்பிடி மண்ணைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்தால் மணல். கடற்கரைப் பக்கம் அப்படித்தான் இருக்கும், துணி லேசில் அடைபடாது. மணிக்கணக்கில் கலங்கி நின்றால் களியோ வண்டலோ இருக்கிறது. அப்படியானால் வடிகாலில் மண்ணுக்கும் துணிக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலம் பருமணல் போடுங்கள். நுண்மண் நேரே துணியில் அப்பாது.

பாதை 10 அடி அகலம், 30 அடி நீளம் என்று வைத்துக் கணக்கைச் சொல்கிறேன். 6 அங்குலம் தோண்டி, மணலை நனைத்துக் கொம்பெக்டர் (மண்ணை இறுக்கும் இயந்திரம்) ஓட்டுங்கள். காய்ந்த மணல் இறுகாது. 2 மீற்றர் சுருளில் இரண்டு பட்டி, நடுவில் ஒன்றரை அடி மேற்படிவு, இரு பக்கமும் அரையடி மேலே மடிப்பு. இதற்கு 19 மீற்றர் துணி போகும். பொருத்து நடுவில் வருவதால் சில்லு அதன்மேல் ஓடாது. துணிக்கு மேல் இறுக்கிய பின் 4 அங்குலம் நிற்கும்படி ஏ.பி.சி. (கல்தூளோடு கலந்த உடைகல்) போடுங்கள், இறுகுவதையும் சேர்த்து ஒன்றே கால் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) எடுக்க வேண்டும். அதன்மேல் முக்கால் அங்குலக் கல் 2 அங்குலம், அரை கியூப். மேல்கல்லை அதைவிடத் தடிப்பாகப் போட்டால் சில்லு புதையும். துணி ஏ.பி.சி.க்கு அடியில்தான் இருக்க வேண்டும். அழகுக்கல்லுக்கு நேர் கீழே விரித்தால் கார் திரும்பும் இடத்தில் கல் ஒதுங்கித் துணி வெளியே எட்டிப் பார்க்கும்.

டிப்பரைத் துணியில் ஏற விடவே வேண்டாம். படலையடியில் கொட்டி, கல்லை முன்னே தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் துணி நிலத்தில் கிடக்காது. மணலில் 6 அங்குல ஆணி பிடிக்காது, 6 மி.மீ. கம்பியை ஒரு அடிக் காலுள்ள கொக்கியாக வளைத்துக் குத்துங்கள், ஓரங்களில் மண்மூட்டை வையுங்கள். கல் ஏறிய பிறகு கொக்கி துருப்பிடித்தாலும் பாதகமில்லை.

வடிகாலுக்கு ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வெட்டினால் அதே 2 மீற்றர் துணி சரியாகப் போதும்: அடிப்பக்கம் ஒன்று, இரு சுவரும் மூன்று, மேலே மூடும் இரு மடலும் இரண்டு, மொத்தம் 6 அடி. மிச்சம் அரையடி கைக்கு. குழிக்குள் துணியை விரித்து, 2 அங்குலம் கழுவிய கல், அதன்மேல் துளையிட்ட 4 அங்குலக் குழாய், துளை கீழ்ப்பக்கம். 8 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு. பிறகு கல்லை நிரப்பி மடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மூடி மண் போடுங்கள். குழாயை மட்டும் துணியால் சுற்றுவது வேண்டாம். பரப்பு குறைவு, சீக்கிரம் அடைபடும். கல்லைக் கழுவாமல் போட்டால் கல்தூள் உள்ளேயிருந்தே துணியை அடைக்கும், அதை மறிக்க எந்தத் துணியாலும் முடியாது.

தண்ணீர் எங்கே போகிறது என்பதை வெட்டும் முன்னரே முடிவு செய்யுங்கள். கடலோரத்தில் மாரியில் நிலத்தடி நீர் நன்றாக ஏறும். கிணற்று வளையத்தில் கடந்த மாரியின் நீர்க்கறை தெரியும். வடிகால் நீரை உறிஞ்சு குழிக்கு விடுவதென்றால், குழியின் அடி அந்தக் கறை மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கீழே போனால் டிசம்பரில் குழி தானே நிரம்பி, வடிகால் இருந்தும் முற்றத்தில் வெள்ளம் நிற்கும். ஒக்டோபருக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.

பூம்பாத்திக்கு ஏன் வேண்டாம் என்றால், கோரை மெல்லிய துணியைக் குத்திக்கொண்டு வரும். கோரை இல்லாவிட்டாலும் வேப்பஞ்சருகும் புழுதியும் துணிமேல் படிந்து மண்ணாகி, களை மேலேயே முளைத்து வேரைத் துணிக்குள் விடும். பிடுங்கினால் துணியும் சேர்ந்து கிழிந்து வரும். செடி வேரும் அதில் சிக்கும், எருவும் கீழே சேராது. கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, கார்ட்போர்ட் பெட்டிகளை விரித்து நனைத்து, மேலே 3 அங்குலம் நறுக்கிய பொச்சோ சருகோ போடுங்கள். தண்டோடு ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள். வருடா வருடம் மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டிவரும்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில் மாதிரிச் சரிவான வளவென்றால் மட்டும் பாத்தியில் தும்புவலை பொருந்தும்: மண்ணோடு ஒட்ட விரித்து, கண்களுக்குள் புல்லை நடலாம். அது சில வருடத்தில் உக்கிப்போகும், அதற்குள் புல்வேர் மண்ணைப் பிடித்துவிடும்.