ரேஷன் அட்டையின் நிறம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். சித்தூர் தாலுகாவிலும் எல்லைக்கு அந்தப்பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை பகுதியிலும் விவசாயக் குடும்பங்களிடம் கேள்வித்தாள் நிரப்பி, ஆய்வேட்டுக்காக ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாறிகளுக்கு, அதாவது ஒவ்வொரு கேள்வியின் பதிலும் நிற்கும் பத்திகளுக்கு, தமிழிலேயே லேபிள் கொடுக்கலாமா? விளக்கங்களைத் தனியாக ஒரு வேர்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். அது போதும், மாறிகளையும் எண்களையும் விளக்கும் கோட்புக்கைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் கைடு. சரிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

தமிழில் கொடுக்கலாம். 2015-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து ஸ்டேட்டா யூனிகோடை ஏற்கிறது. மாறியின் லேபிளுக்கு 80 எழுத்து இடம் உண்டு. ஆனால் 'கி' நமக்கு ஓர் எழுத்து, அதன் கணக்கில் இரண்டு. எனவே சுருக்கமாக எழுதுங்கள். மாறியின் பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அந்தக் கேள்வி அவ்வளவுதான்.

வேர்டு ஃபைல் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். எல்லையின் இரண்டு பக்கமும் தரவு எடுக்கிற ஒருவர் விளக்கத்தைத் தரவிலிருந்து பிரித்து வைக்கலாமா? ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மஞ்சள் பரம ஏழைகளுக்கான அந்தியோதயா, பிங்க் முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் முன்னுரிமை இல்லாதவை. பொள்ளாச்சிப் பக்கம் நிறமே கிடையாது. பிஎச்எச் (முன்னுரிமை), பிஎச்எச்-ஏஏஒய் (அந்தியோதயா), என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்று அட்டையில் அச்சடித்திருக்கும், சர்க்கரை அட்டை வேறு. கேரளப் படிவத்தில் 1 மஞ்சள், 2 பிங்க் என்றும், தமிழ்நாட்டுப் படிவத்தில் 1 பிஎச்எச், 2 அந்தியோதயா என்றும் எண் போட்டிருந்தால் என்ன ஆகும்?

எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்று சொல்வது மதிப்பு லேபிள். இரண்டு ஃபைலிலும் அதற்கு ஒரே பெயர் வைத்துவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக இணைக்கும் அப்பெண்ட் கட்டளையைக் கொடுத்தால், முதலில் திறந்த ஃபைலின் லேபிளே நிற்கும். லேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரே ஒரு வரி திரையில் ஓடும், வேலை நிற்காது. முதலில் திறந்தது கேரள ஃபைல் என்றால், ஆனைமலையில் இருக்கிற அந்தியோதயாக் குடும்பம் அட்டவணையில் பிங்க் ஆகிவிடும், பிஎச்எச் குடும்பம் மஞ்சள் ஆகிவிடும். பரம ஏழை ஒரு படி மேலேறி உட்கார்ந்திருப்பார், எங்கும் பிழைச்செய்தி இருக்காது. அட்டையின் வகையை எழுத்தில் பதிந்து, என்கோட் கட்டளையால் எண்ணாக மாற்றினாலும் இதே கதிதான், அந்தக் கட்டளை ஒவ்வொரு ஃபைலிலும் அகர வரிசைப்படிதான் எண் கொடுக்கிறது.

லேபிளின் பெயரை மட்டும் மாற்றினால் தப்பிக்க முடியாது. மாறியின் பெயர் ஒன்றாக இருந்தால் முதல் ஃபைலில் ஒட்டியிருக்கும் லேபிளே எல்லா வரிசைக்கும் ஒட்டும். ஆகவே இணைப்பதற்கு முன்பே அட்டை_கே, அட்டை_டி என்று ஆங்கில எழுத்தில் இரண்டு மாறிகளாக்கி, இரண்டுக்கும் தனித்தனி லேபிள் கொடுங்கள். இணைத்தபின் இரண்டிலிருந்தும் மூன்றாவதாக ஒரு மாறி செய்யுங்கள்: அந்தியோதயா, முன்னுரிமை, மற்றவை. அந்த 'மற்றவை' இரண்டு மாநிலத்திலும் ஒன்றல்ல என்பதை உடனே எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி இலவசம், கேரளத்தில் நீல அட்டைக்காரரும் வெள்ளை அட்டைக்காரரும் விலை கொடுக்க வேண்டும்.

இதை எங்கே எழுதுவது? நோட்ஸ் கட்டளையில். நோட்ஸ், மாறியின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு உங்கள் வாக்கியம். ஒரு மாறிக்கு 9,999 குறிப்புகள் வரை போடலாம். டிஎஸ் (TS) என்று பெரிய ஆங்கில எழுத்தில் இருபுறமும் இடம் விட்டு எழுதினால் தேதியும் நேரமும் அங்கே தானாக விழும். குறிப்பு ஸ்டேட்டாவின் தரவு ஃபைலான டிடிஏ (.dta) ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, தரவை யாருக்கு அனுப்பினாலும் கூடவே போகும். ஜெனரேட் கட்டளையால் செய்த புது மாறிக்குப் பழையதன் லேபிளோ குறிப்போ வராது, குளோன்வார் கட்டளை எல்லாவற்றையும் எடுத்துவரும். சிஎஸ்வியாக மாற்றினால் குறிப்பு அத்தனையும் போய்விடும், அதனால் டிடிஏ-வைத்தான் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை எல்லாம் டூ-ஃபைலில், அதாவது கட்டளைகளை வரிசையாகச் சேமித்து மறுபடி ஓட்டும் ஃபைலில் எழுதுங்கள், திரையில் அடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கைடு பெரியவர், மரியாதை கொடுங்கள். ஆனால் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்ற சொல்லை மட்டும் கேட்காதீர்கள். நிலத்தைச் சிலர் சென்டில் சொல்வார்கள், சிலர் வில்லேஜ் ஆபீஸ் கரம் ரசீதை (நிலவரி ரசீதை) நீட்டுவார்கள், அதில் ஹெக்டேரும் ஆரும் இருக்கும். ஒரு ஆர் 2.47 சென்ட். 40 ஆரை 40 சென்ட் என்று பதிந்தால் ஒரு ஏக்கர்க்காரர் அரை ஏக்கருக்கும் கீழே இறங்கிவிடுவார். எந்த வீட்டில் ரசீது பார்த்தார்கள், எந்த வீட்டில் வாய்ச்சொல்லை எடுத்தார்கள் என்பது களப்பணியாளருக்கு இந்த மாதம் நினைவிருக்கும். ஆய்வேடு எழுதும்போது அவர் வேறு வேலையில் இருப்பார்.

பதில் சொல்ல மறுத்தவருக்கு 999 போடும் பழக்கத்தையும் விடுங்கள். புள்ளி ஏ, புள்ளி பி என்று விடுபட்ட மதிப்புகளைப் பிரித்து லேபிள் கொடுங்கள். ஆனால் ஸ்டேட்டாவுக்கு விடுபட்டது எல்லா எண்ணையும் விடப் பெரியது. 5 ஏக்கருக்கு மேல் என்று நிபந்தனை போட்டால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள், நிபந்தனையிலேயே விலக்குங்கள்.

இணைத்து முடித்ததும் அந்தியோதயாக் குடும்பங்களை மாநிலவாரியாக எண்ணி, பழைய இரண்டு ஃபைலிலும் தனித்தனியாக வரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு குடும்பம் கூடிக்குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, அப்பெண்டுக்கு முந்தைய வரியிலிருந்து டூ-ஃபைலை மறுபடி பாருங்கள்.