கசப்பா, துவர்ப்பா? முதலில் அதைச் சொல்லுங்கள் தம்பி

குன்னூரிலிருந்து இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குப் படிக்க வந்திருக்கும் தம்பிக்கு, வணக்கம். அறை வாடகை, பகுதி நேர வேலை, குளிருக்கு என்ன வாங்குவது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "நானே காய்ச்சிய ஐபிஏ பீர் வாயில் வைக்க முடியாத கசப்பு, என்ன செய்யலாம் அண்ணா?" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கடைசி வரிக்கு வருகிறேன்.

அது கசப்பா, துவர்ப்பா? இங்கே பீர் காய்ச்சும் நண்பர்களில் பாதிப் பேர் இரண்டையும் கசப்பு என்றே சொல்வார்கள். நமக்குப் பாகற்காய் வேறு, வாழைப்பூ வேறு. விழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் நின்றால் கசப்பு. ஈறு வறண்டு நாக்கு சுருங்கினால் துவர்ப்பு. பிழை எங்கே நடந்தது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பீர் அல்ல, டீ. 2006 ஜனவரியில் இதே கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டனுக்கு வந்தேன். கோத்தகிரிக்காரனுக்குக் குளிரைச் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிரில் ஊட்டி மார்க்கெட் ஸ்வெட்டர் ஒன்றோடு இறங்கினேன். மூன்றாம் நாளே காய்ச்சல். பெட்டியில் அப்பா கட்டிக் கொடுத்த டஸ்ட் டீ இரண்டு கிலோ இருந்தது. அவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். முதல் டம்ளரைப் போட்டால், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஓர் ஆடை. ஸ்பூனால் தள்ளினால் பழுப்புச் சில்லுகளாக உடைந்து டம்ளரில் ஒட்டியது. கெட்டிலுக்குள் பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. வீட்டுக்காரர் அழுக்குக் கெட்டிலைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒரு வாரம் மனதுக்குள் திட்டினேன். அப்பாவிடம் போனில் சொன்னதும், "தூள்ல குத்தம் இல்லடா, தண்ணிதான்" என்றார். கோத்தகிரியில் இருந்தபடியே கென்ட் தண்ணீரைக் கண்டுபிடித்த மனுஷன்!

துவர்ப்பு என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் கேன்டர்பரியும் சுண்ணாம்புப் பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நம் ஓடைத் தண்ணீர் மென்மையானது. இது காரத்தன்மை கூடியது. இந்தத் தண்ணீரில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊறவைத்தால் பிஎச் (அமில-கார அளவு) மேலே நின்றுவிடும், உமியிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து இறங்கும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் கரடுமுரடாக வரும். முதல் நாளே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் வெள்ளையைக் கலக்காமல் மேலாக எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது லாக்டிக் அமிலம் சில சொட்டு விட்டு, ஊறும் மால்ட்டின் பிஎச் 5.2க்கும் 5.6க்கும் நடுவில் இருக்கும்படி பாருங்கள். மால்ட்டைக் கழுவ ஊற்றும் தண்ணீர் 76 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஐபிஏ என்றாலே ஜிப்சம் என்ற சல்ஃபேட் உப்பைப் போடு என்பார்கள். சல்ஃபேட் கசப்பைக் கூர்மையாக்கும், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

கசப்புதான் என்றால் ஹாப்ஸையும் அடுப்பையும் பார்க்க வேண்டும். ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் கொதியில்தான் கசப்பாக மாறுகிறது. ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு, கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் பெரும்பாலும் மணம். கிராம் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் ரகத்தில் ஆல்ஃபா ஐந்து சதவீதம் அளவில் இருக்கும், கொலம்பஸ் ரகத்தில் பதினைந்தை ஒட்டி. கோல்டிங்ஸ் தீர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரு கடைக்காரர் வேறு பாக்கெட்டைக் கொடுத்து "எல்லாம் ஒன்றுதான்" என்றார். அந்த முப்பது கிராமில் வந்தது நிலவேம்புக் கஷாயம்.

அப்புறம் ஆறவைப்பது. பலர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். 2009 பிப்ரவரியில் தென்கிழக்கு இங்கிலாந்து முழுக்கப் பனி. இதைவிட நல்ல ஃபிரிட்ஜ் உண்டா என்று இருபது லிட்டர் பானையைக் கொல்லைப்புறப் பனியில் புதைத்து வைத்துவிட்டு, ஹாப்ஸைக்கூட வடிக்காமல் படுத்துவிட்டேன். பானையைச் சுற்றிப் பனி உருகி ஒரு சாண் இடைவெளி விழ, மீதிப் பனி கம்பளி போர்த்தியது போல நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துப் போய்த் தொட்டால் கை சுட்டது. அடுப்பை அணைத்தாலும் சூடு இருக்கும்வரை கசப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சுமார் 80 டிகிரிக்குக் கீழே போனால்தான் அது வெகுவாகக் குறையும். செம்புச் சுருள் குழாய் ஒன்று வாங்கிப் பானையில் முக்கி, அதனுள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சட்டென்று 80க்கு இறக்குங்கள். மணத்துக்கான ஹாப்ஸை அப்போது போட்டு இருபது நிமிடம் வையுங்கள்.

நொதித்த பிறகு போடும் ஹாப்ஸ் இரண்டு மூன்று நாள் போதும். அதன் தூள் மிதந்தால் தொண்டையில் காந்தும்.

பாட்டிலில் அடைத்துவிட்டதைக் கொட்டாதீர்கள். மூன்று நான்கு வாரம் குளிரில் நிற்கட்டும், தூள் அடியில் தங்கினால் காந்தல் அடங்கும். கசப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஹாப்ஸ் குறைந்த பீரோடு டம்ளரில் கலந்து குடியுங்கள். சர்க்கரை போட்டுச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலை வெடிக்க வைக்கும்.

இந்த நாட்டில் சொந்தக் குடிக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, நண்பனிடம் ஐந்து பவுண்டு வாங்கினாலும் விற்பனைதான். லீவில் குன்னூருக்குப் போய்க் கைவரிசையைக் காட்டிவிடாதீர்கள், தமிழ்நாட்டில் அது குற்றம். இங்கே காய்ச்சுவதை வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். மாமியார் வீடியோ காலில் வந்தால் நொதிக்கும் வாளி மேல் அரிசி மூட்டையைச் சாய்த்து வைக்கும் ஆட்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன்.

2016 கோடையில் அப்பா வந்தார். கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஸ்பூனால் எடுத்து, ஃபேக்டரியில் செய்வது போல 'ஸ்ஸர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, சிங்க்கில் துப்பினார். "துவர்ப்பு இல்ல. கசப்பு கொஞ்சம் தூக்கல். எவ்வளவு நேரம் கொதிச்சுது?" என்றார். அறுபது நிமிடம் என்றேன். "நாப்பத்தஞ்சுல இறக்கு." அன்றிலிருந்து நாற்பத்தைந்துதான்.

வேலை பற்றி ஒரே ஒரு வார்த்தை: கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன் என்று முதலில் வருவது நம்ம ஆட்களாகத்தான் இருக்கும். நான் அப்படி ஆறு வாரம் பாத்திரம் கழுவி, இரண்டு வாரக் கூலிதான் பார்த்தேன். ஸ்வெட்டர் போதாது, காற்றுப் புகாத கோட்டு வாங்குங்கள். அடுத்த முறை ஹாப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், ஆல்ஃபா எத்தனை என்று பார்க்கிறேன்.