பிடிபடாத எண்ணத்துக்கு ஆங்கிலத்தில் எந்த உவமை?

கேள்வி: ஒரு கருத்தை எப்படி வரையறுத்தாலும் நழுவிப் போகிறது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பதில்: 'லைக் நெய்லிங் ஜெல்லி டு எ வால்'. ஜெல்லியைச் சுவரில் வைத்து ஆணி அடிக்கப் பார்ப்பது போல. ஆணி இறங்கிவிடும், ஜெல்லி நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த உவமை இது, ஏனென்றால் முயற்சியும் தோல்வியும் ஒரே காட்சியில் தெரிகின்றன. கொலம்பிய ஆட்சியாளர்களோடு உடன்பாடு காண்பதைப் பற்றி 1915இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இப்படித்தான் எழுதினார். சீனா இணையத்தைக் கட்டுப்படுத்த முயல்வதைப் பற்றி 2000இல் பேசிய அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனும் இதையே சொன்னார். ஜெல்லி இருந்த இடத்தில் அமெரிக்கர்கள் அதற்குச் சொல்லும் 'ஜெல்லோ' வந்தது, அவ்வளவுதான். ஆக, கருத்துக்கு மட்டுமல்ல, பிடிக்குள் வராத எதற்கும் இது பொருந்தும்.

கேள்வி: 'ஆஸ் கிளியர் ஆஸ் மட்' என்பதும் அதே பொருள்தானே? காதலைப் பற்றிய கட்டுரையில் எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார்.

பதில்: அடித்தது சரி. யாரோ தந்த விளக்கம் குழப்பினால் 'சேறு போலத் தெளிவு' என்று கேலியாகச் சொல்வது அது. அங்கே குறை விளக்கத்தில், பேசப்படும் விஷயத்தில் அல்ல.

கேள்வி: விலாங்கு மீனை உவமையாக்கலாமா?

பதில்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நமக்கு விலாங்கு என்றால் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற இரட்டை வேடம். ஆங்கிலத்தில் 'ஸ்லிப்பரி ஆஸ் அன் ஈல்' என்பது கையில் சிக்காமல் வழுக்குவது. பெரும்பாலும் ஆட்களைத்தான் சொல்வார்கள். கருத்துக்கு 'ஸ்லிப்பரி' என்ற சொல் மட்டும் போதும்.

கேள்வி: 'ஊமை கண்ட கனவு' என்பதை அப்படியே மொழிபெயர்க்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே தெளிவாக இருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை என்பது அதன் பொருள். அதற்கு மிக அருகில் வருவது 'ஐ நோ இட் வென் ஐ சீ இட்': பார்த்தால் தெரிந்துவிடும். 1964இல் ஆபாசம் குறித்த வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய வரி. ஆனால் நம் உவமையில் இருக்கும் தவிப்பு அதில் இல்லை. தவிப்பும் வேண்டுமென்றால் சொந்தமாக ஒன்றைத்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: உவமையே வேண்டாம், ஒரே சொல்லில்?

பதில்: 'வேக்', 'நெபுலஸ்', 'வூலி'. ஆனால் இவையும் உவமைகள்தான், உள்ளே ஒளிந்திருக்கின்றன. 'வேக்' என்பதன் இலத்தீன் வேர் அலைந்து திரிவதைக் குறிக்கும். 'நெபுலஸ்' மூடுபனியிலிருந்து வந்தது. 'வூலி' கம்பளி, ஓரம் எங்கே என்று தெரியாத சிந்தனை. அதனால் 'நெபுலஸ்' என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே 'லைக் ஃபாக்' என்று சேர்க்காதீர்கள். பனி ஏற்கெனவே வந்துவிட்டது.