கேள்வி பதில்: சூறாவைத் தானே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: என் மகன் நாகர்கோவில் பக்கம் ஓர் இஸ்லாமியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன பெற்றோர் கூட்டத்தில், "இனி மனப்பாடம் கிடையாது, எல்லாம் கன்ஸ்ட்ரக்டிவிசம், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக் கற்பார்கள்" என்று புரொஜெக்டர் போட்டு விளக்கினார்கள். "அப்போ சூறாவையும் அவனே கண்டுபிடிப்பானா?" என்று கேட்கிறார் என் மாமனார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திருவிதாங்கோடு

பதில்: மாமனாருக்கு என் சலாம் சொல்லுங்கள், நல்ல கேள்வி. சூறா என்பது குர்ஆனின் அத்தியாயம், அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. அல்ஹம்துவில் வரும் ஹா தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் வாயால் மெல்லிய ஹா சொல்வார்கள், ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் நிறுத்துவார், பையன் தொண்டையில் கை வைத்துப் பார்த்து மறுபடி சொல்வான். கேள், சொல், திருத்து, திரும்பச் சொல். பி.எட். படித்தவர்கள் இதை நடத்தையியல் என்பார்கள், இந்த வேலைக்கு அது போதும். குர்ஆனை மனப்பாடம் செய்விக்கும் ஹிஃப்ழ் மதரஸாவில் தினமும் புதுப் பாடம், போன சில நாள் பாடம், பழைய பாடம் என்று மூன்றையும் ஒப்பிக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் நினைவில் நிற்கும் என்று ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். உஸ்தாதுமார் அவரைப் படித்துவிட்டா இப்படிச் செய்கிறார்கள்? குர்ஆனின் 6,236 வசனங்களைத் தலையில் ஏற்ற வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

வம்பு எங்கே என்றால், இதே முறையை எல்லாப் பாடத்துக்கும் இழுத்துக்கொண்டு போவதில். நான் ஓதிய காலத்தில் "ஒளுவின் பர்ளு எத்தனை?" என்று கேட்டால் "ஆறு!" என்று கூரை அதிரச் சொல்வோம் (ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது, பர்ளு அதில் கட்டாயமானவை. நாங்கள் ஷாஃபி மத்ஹப், அதாவது சட்ட வழி, ஹனஃபி மத்ஹபுப் பிள்ளைகள் நாலு என்பார்கள்). பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில் போய் உட்கார்ந்தால் என் முழங்கை நனையாது. ஒரு பெரியவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை மடக்கி முழங்கையைத் தாண்டித் தண்ணீர் விட்டுக் காட்டினார், அதோடு சரி, அப்புறம் எனக்குத் தப்பியதே இல்லை. பார்த்துக் கற்பது பற்றி உளவியலாளர் பண்டூரா பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான்.

பள்ளிக்காரர்கள் சொல்லும் கண்டுபிடிப்புக்கும் இடம் இருக்கிறது, அது ஜகாத் எனும் கட்டாயத் தர்மம் பற்றிய பாடத்தில். 'நாற்பதில் ஒன்று' என்று எழுதிப் போடாமல், ஏழாம் வகுப்பில் இப்படிக் கேட்கலாம்: குளச்சலில் ஒரு கடைக்காரர், சரக்கும் பணமுமாக 8 லட்சம், கடன் 2 லட்சம், ஜகாத் எவ்வளவு? ஒரு பையன் கடனைக் கழித்து 15,000 என்பான், இன்னொருவன் கழிக்காமல் 20,000 என்பான், சண்டை வரும். வரட்டும். கடனைக் கழிப்பது ஹனஃபி வழி. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் கடன் ஜகாத்தைத் தடுக்காது. ஐயாயிரம் ரூபாய் ஏன் வித்தியாசப்படுகிறது என்று பிள்ளைகள் முட்டி மோதித் தெரிந்துகொள்ளும்போது கணக்கும் ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டமும்) ஒரே பீரியடில் நடந்துவிடும், அதுவும் ஆசிரியர் முழுசாகச் சொல்லிவிடாமல், மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் கை கொடுத்தால். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன உதவி இது. மதரஸாவில் பெரிய பையன் சின்னவனுக்குப் பாடம் கேட்பானே, அதுவும் இதே சங்கதிதான்.

இன்னொன்று வயது. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்கிறது ஹதீஸ். கண்முன் இருக்கும் பொருளை வைத்துப் பிள்ளை காரண காரியமாக யோசிப்பது ஏழு வயதையொட்டி என்றார் குழந்தை உளவியலாளர் பியாஜே. இதை வைத்து "எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். மூன்றாம் வகுப்பில், கண்முன் காட்ட முடியாத 'விதியா, மனித விருப்பமா' என்று பாடம் வைக்காமல் இருந்தால் போதும். பெருமை வேண்டுமென்றால் வரலாற்றறிஞர் இப்னு கல்தூனை எடுங்கள்: பாடத்தை மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் கூட்டி நடத்தச் சொன்னவர், கடுமையாக அடித்து வளர்க்கும் பிள்ளை சோம்பேறியாகும், பொய் சொல்லப் பழகும் என்று 1377-லேயே எழுதிவைத்தவர். இப்படிப் பாடத்திட்டத்தைச் சுருள் சுருளாக அமைப்பது பற்றி இன்றைக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள். பிரம்பு மட்டும் சில இடங்களில் இன்னும் ஜன்னலோரம் சாய்ந்துதான் நிற்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது? புரொஜெக்டரை விடுங்கள், போன பரீட்சை வினாத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஃபிக்ஹிலும் அறிவியலிலும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' மட்டுமே இருந்தால் கூட்டத்தில் காட்டியது வெறும் படம். ஓதுகிற பீரியடைக் குறைத்திருந்தால் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதால் ஸ்டிக்கர் தருகிறார்கள் பள்ளியில். மகன் ஸ்டிக்கருக்காகவே எழுகிறான். இது சரியா?
- ஒரு வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: பரிசு கொடுத்துப் பழக்குவதை ஆராய்ந்த ஸ்கின்னர் இருந்தால் சந்தோஷப்படுவார். ஆரம்பத்தில் தப்பில்லை, ஆனால் ஸ்டிக்கர் நின்றால் பழக்கமும் நிற்கக்கூடும், அதனால் பள்ளியில் மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். ஆமாம், அவன் எழும்போது வாப்பா எழுந்துவிட்டீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.