அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் நடுவில் சூப்பர்டோம் போன்ற பெரிய கூரை அரங்கம் தேவைதானா?

வருஷத்துக்குப் பத்து மேட்ச் நடக்கும், அதற்கு ஊர் நடுவில் இவ்வளவு பெரிய கட்டடமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தவன் நான். தேவைதான் என்பேன்.

அங்கே புட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ஊரோ, ஆகஸ்டில் சென்னைக்காரனுக்கே மூச்சு முட்டும். நினைத்த நேரத்தில் மழை கொட்டும். அதனால்தான் கூரை. 1971ல் வேலை தொடங்கி 1975 ஆகஸ்டில் திறந்தார்கள். 680 அடி விட்டம், 273 அடி உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. முதல் தடவை உள்ளே போனபோது ஆட்டத்தைப் பார்க்காமல் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

புட்பாலோடு நிற்கவில்லை. 1978ல் குத்துச்சண்டையில் முகமது அலி ஸ்பிங்க்ஸை வென்று மூன்றாம் முறை பட்டம் பிடித்தது இங்கேதான். 1988ல் குடியரசுக் கட்சி மாநாடு கூடி மூத்த புஷ்ஷை அதிபர் வேட்பாளராக அறிவித்ததும் இங்கேதான். அமெரிக்க புட்பாலின் சூப்பர் பவுல் இறுதியாட்டம் 2025 வரை எட்டு முறை நடந்திருக்கிறது.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பேச்செடுத்தால் 2005க்குத்தான் வருவார்கள். கத்ரீனா புயலில் ஊரைவிட்டுப் போக வழியில்லாத ஏழை ஜனங்கள் 20,000 பேருக்கு மேல் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். கூரையின் மேலுறை பிய்ந்து மழை உள்ளே இறங்கியது. மின்சாரம் போனது, கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. சுற்றிலும் வெள்ளம். பேருந்துகள் வந்து ஏற்றிப்போக நாட்கள் ஆயின. என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா அந்த நாட்களை உள்ளே கழித்தவர். அந்த நாற்றத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசமாட்டார்.

இடித்துவிடலாம் என்றும் பேச்சு இருந்தது. இடிக்கவில்லை, செப்பனிட்டு 2006 செப்டம்பர் 25 அன்று மறுபடி திறந்தார்கள். ஒரு சீசன் முழுக்க வெளியூர்களில் அலைந்த ஊரின் புட்பால் அணி செயின்ட்ஸ், அன்று அட்லாண்டா அணியோடு சொந்த மண்ணில் இறங்கியது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எதிரணி ஆள் உதைத்த பந்தைச் செயின்ட்ஸின் ஸ்டீவ் கிளீசன் பாய்ந்து தடுத்தார், அடுத்த நொடியே டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி. 23-3 என்று ஜெயித்தார்கள். நாற்றத்தைச் சொன்ன அதே அம்மா, இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார்.

அந்தப் பாய்ச்சலையே வெண்கலச் சிலையாக வடித்து அரங்கத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். பெயர் ‘மறுபிறப்பு’. மேட்ச் நாளில் போனால் அதன் முன்னால் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம்.